ஏழு குளிர்காலங்கள், ஒரு டிரெய்லர்: பனிக்கு முன்னால் செய்ததும் பனிக்குப் பின்னால் கண்டதும்

அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை கனடாவில் தேங்க்ஸ்கிவிங். அந்த நீண்ட வார இறுதியோடு எங்கள் டிரெய்லரின், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியின், ஆண்டு முடிந்துவிடும். அல்கான்குவின் பூங்காவில் மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்து முடிந்திருக்கும், காலையில் புல்லின் மேல் வெண்பனி படிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அடுத்த வேலை, ஆறு மாதத்துக்கு வண்டியைத் தூங்க வைப்பது. இங்கே இதை விண்டரைஸ் செய்வது என்பார்கள்.

24 அடி டிராவல் டிரெய்லர். 2018-இல் பழையதாக வாங்கினோம். டொரண்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் திறந்த வெளியில்தான் நிற்கிறது. ஜனவரியில் சில இரவுகள் மைனஸ் 25 வரை போகும். இப்படி ஏழு குளிர்காலங்கள் ஓடியிருக்கின்றன. குழாயில் இருக்கும் தண்ணீரைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன். ஆனால் கணக்குப் பார்த்தால் குழாய்த் தண்ணீரால் போன பணம் குறைவு. கூரை வழியாகவும் காற்று வழியாகவும் வந்த ஈரத்தால் போனதுதான் அதிகம்.

முதல் ஆண்டில் கம்ப்ரஸர் வைத்துக் காற்றடித்ததோடு விட்டுவிட்டேன். தண்ணீர் இணைக்கும் வாயில் ஓர் அடாப்டரைத் திருகி, அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் அடித்தால் குழாய்களில் இருக்கும் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே வரும். வெறும் காற்று வரும் வரை அடித்தேன். ஏப்ரலில் தண்ணீர் விட்டதும் கழிப்பறைக்குப் பின்னாலிருந்து பீய்ச்சியடித்தது. ஃபிளஷ் வால்வில் விரல் நக அளவுக்கு ஒரு விரிசல். வெளிப்புற ஷவரின் கலவைக் குழாயும் பிளந்திருந்தது.

தண்ணீர் உறையும்போது கன அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. இந்த வண்டிகளில் இருக்கும் பெக்ஸ் குழாய் வளைந்து கொடுக்கும் தன்மையுள்ளது, ஓரளவு தாங்கிவிடும். தாங்காதவை அதன் முனைகளில் இருக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பாகங்கள்: வால்வு, மூட்டு, பம்பின் தலை, ஃபில்டர் கிண்ணம். காற்று குழாயின் நடுவே ஓடிவிடும். பள்ளத்திலும் வால்வின் வயிற்றிலும் ஒரு கரண்டித் தண்ணீர் தங்கிவிடும். உடைப்பதற்கு அந்த ஒரு கரண்டி போதும். காற்று மட்டும் அடித்து ஆண்டுக்கணக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது உண்மைதான். குழாய்கள் போடப்பட்டிருக்கும் விதம் வண்டிக்கு வண்டி மாறும். என் வண்டிக்கு அது போதவில்லை.

இரண்டாம் ஆண்டிலிருந்து இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ், குளிரில் குழாயைக் காக்கும் திரவம். காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸை இதில் ஊற்றவே கூடாது. அதில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது விஷம். டிரெய்லருக்கு வேண்டியது புரொப்பிலீன் கிளைக்கால், நாம் குடிக்கும் குழாயில் போவதற்கென்றே இருப்பது. வாங்கும்போது கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள். விலை குறைந்தவற்றில் எத்தனால் கலந்திருக்கும், அது ரப்பர் வளையங்களை உலர்த்திவிடும், தீப்பற்றவும் செய்யும். ஓராண்டு அப்படி ஒன்றை வாங்கினேன். வசந்தத்தில் எத்தனை முறை அலசியும் சமையலறைக் குழாயில் அந்த வாடை இரண்டு வாரம் போகவில்லை.

கேனில் மைனஸ் 50 என்று போட்டிருப்பார்கள். அதுவரை உறையாமல் திரவமாகவே இருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே கூழ் போல ஆகிவிடும். ஆனால் கூழாக இருப்பதால் குழாயை நெருக்காது, உடைக்காது. ஒரு ஜனவரியில் சிங்க் குழியில் அதைக் கூழாகப் பார்த்துவிட்டு எல்லாம் போச்சு என்று பதறினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உள்ளே தண்ணீர் மிச்சமிருந்தால் இது நீர்த்துப்போய் வலுக்குறையும். அதனால் முதலில் வடிப்பது, அப்புறம் கொஞ்சம் காற்று, கடைசியாகத்தான் ஆன்டிஃப்ரீஸ். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

வடிப்பதை நிதானமாகச் செய்யுங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டிகள், பிறகு வண்டிக்கு அடியில் சிவப்பும் நீலமுமாகத் தொங்கும் இரண்டு தாழ்முனைக் குழாய்கள். சுடுதண்ணீர் ஹீட்டரை முந்தின நாளே அணைத்து ஆறவிடுவேன். சூடாக இருக்கும்போதோ அழுத்தம் இருக்கும்போதோ அதன் அடைப்பைக் கழற்றினால் கொதிநீர் நேராக முகத்தில் அடிக்கும். மேலே இருக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வைத் தூக்கி அழுத்தத்தை விட்டுவிட்டுத்தான் அடைப்பில் கை வைக்க வேண்டும். என்னுடையது சபர்பன் ஹீட்டர். எஃகுத் தொட்டி என்பதால் அடைப்போடு சேர்ந்து ஒரு ஆனோடு தண்டு இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னையே அரித்துக்கொடுக்கும் தண்டு அது. முக்கால் பங்கு கரைந்திருந்தால் வசந்தத்தில் புதியது போடுவேன். ஹீட்டரின் மின்சார சுவிட்சையும் அணைத்து அதன் மேல் டேப் ஒட்டிவிடுவேன். தண்ணீர் இல்லாமல் அது ஓடினால் உள்ளே இருக்கும் கம்பி சில நிமிடங்களில் எரிந்துவிடும்.

பிறகு ஹீட்டரின் பை-பாஸ் வால்வு, தொட்டிக்குள் போகாமல் நேராகக் குழாய்க்கே திருப்பிவிடுவது. இதைத் திருப்ப மறந்தால் 23 லிட்டர் தொட்டி முழுவதும் ஆன்டிஃப்ரீஸால் நிரம்பிய பிறகுதான் சுடுதண்ணீர்க் குழாயில் இளஞ்சிவப்பு தெரியும். ஒரு வருஷம் நான்கு கேன் தீர்ந்தும் குழாயில் நிறமே வராமல் நின்றபோது என் மனைவி வந்து பார்த்து, "அந்த வால்வைத் திருப்பினீங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த வால்வைத் திருப்புவது அவள் பொறுப்பு. சரியாகச் செய்தால் இந்த வண்டிக்கு மூன்று கேன் போதும், அதிலும் கொஞ்சம் மிஞ்சும்.

பம்பின் உறிஞ்சு குழாயைக் கேனில் விட்டு, பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயிலிருந்து தூரத்தில் இருப்பது வரை ஒவ்வொன்றாக, சூடு தனி, குளிர் தனி என்று நிறம் வரும் வரை திறக்க வேண்டும். கழிப்பறை, உள் ஷவர், வெளி ஷவர் எல்லாம் இதில் சேர்த்தி. சிங்க் குழிகளுக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் ஊற்ற வேண்டும். வழிந்து போவது கழிவுத் தொட்டிக்குப் போய் அங்குள்ள கதவு வால்வையும் காக்கும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வெளிச் சுவரில் ஹோஸ் மாட்டும் வாய்க்குள் ஒரு ஒருவழி வால்வு இருக்கிறது. பம்பு வழியாக அனுப்பும் ஆன்டிஃப்ரீஸ் அதன் உட்பக்கத்தோடு நின்றுவிடும். பம்பை அணைத்து, குழாய் ஒன்றைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்த வாயின் சல்லடையைக் கழற்றி வால்வை மழுங்கிய ஏதாவது ஒன்றால் மெல்ல அழுத்தினால் கொஞ்சம் தண்ணீரும் அதன் பின் இளஞ்சிவப்பும் வரும். பத்து நொடி வேலைதான். பக்கத்துத் தெருவில் புதிதாக டிரெய்லர் வாங்கிய தம்பி ஒருவர், "அண்ணா, எல்லாம் முடிச்சிட்டேன், வந்து ஒரு தடவை பாருங்க" என்று கூப்பிட்டபோது நான் முதலில் பார்த்தது அந்த வாயைத்தான். தண்ணீர் இருந்தது.

பேட்டரிக்கு வருகிறேன். முதலில் இருந்தது லெட்-ஆசிட். முழுதாகச் சார்ஜ் ஆன லெட்-ஆசிட் பேட்டரி கனடாக் குளிரில் உறையாது, தீர்ந்துபோனது மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைந்துவிடும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டேன் என்று நம்பி வண்டியிலேயே விட்டேன். எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி மட்டும் அணையவே அணையாது, அது சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை உறிஞ்சியிருக்கிறது. பிப்ரவரியில் பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. 2022-இல் லித்தியத்துக்கு மாறினேன். அதன் சட்டம் வேறு: பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. பாதியளவு சார்ஜோடு கழற்றி வீட்டு நிலவறையில் வைத்துவிடுகிறேன். வசந்தம் வரை அதைத் தொட வேண்டியதில்லை.

எரிவாயு சிலிண்டர்களை மூடி, வெளியிலேயே விடுகிறேன், வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுபோவதில்லை. டயர்களில் காற்றை நிரப்பி, அடியில் பலகை வைத்து, வெயில் படாமல் உறை போடுகிறேன். ஃபிரிட்ஜை உருகவிட்டுத் துடைத்துக் கதவைத் திறந்தே வைக்கிறேன். இவற்றில் ஏழு ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் இல்லை.

இனி கூரை. நான்காவது வசந்தத்தில் கதவைத் திறந்ததும் ஈர அட்டையின் வாடை. படுக்கைக்கு மேலே மூலையில் தேநீர் சிந்தியது போல ஒரு கறை, விரலை வைத்தால் பலகை அமுங்கியது. மேலே ஏறிப் பார்த்தேன். காற்றுப்போக்கியைச் சுற்றி இடுக்கை அடைக்கப் பூசியிருந்த சீலண்டில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். பகலில் உருகிய பனி அந்த விரிசலுக்குள் இறங்குகிறது, இரவில் உறைந்து அதையே அகலமாக்குகிறது, மறுநாள் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. மார்ச் மாதம் முழுவதும் இதுதான் நடந்திருக்கிறது. சட்டத்தையும் பலகையையும் மாற்ற 1,900 டாலர் ஆனது. கழிப்பறை வால்வுக்கு 60 டாலர்கூட ஆகவில்லை.

அதன் பிறகு கூரை வேலையை செப்டம்பரிலேயே, வெயில் இருக்கும்போதே முடிக்கிறேன். தானாகப் பரவும் சீலண்ட் குளிரில் பரவாது, ஒட்டவும் ஒட்டாது. என் கூரை ரப்பர் வகை, அதற்கென்று இருக்கும் லாப் சீலண்ட்தான் போடுகிறேன். சாதாரண சிலிக்கோனைப் போட்டால் நாளடைவில் பெயர்வதோடு, அதன் மேல் வேறெதுவும் ஒட்டாமல் அடுத்த பழுதுக்கும் இடைஞ்சலாகிவிடும். ஒவ்வொரு திருகின் தலையையும், ஏணி பொருந்தும் இடத்தையும், முன் மூலைகளையும் விரலால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குப் பிடிபடும்.

மூடும் விஷயத்தில் ஓராண்டு நீல நிறப் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டேன். இரண்டு தவறு ஒன்றாக நடந்தது. காற்றில் படபடத்து மூலைகளில் பெயின்டைத் தேய்த்துவிட்டது, ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்து ஜன்னல் ஓரங்களில் பூஞ்சை வளர்த்தது. இப்போது காற்றுப் புகும் துணி உறை. கூர்மையான இடங்களில் பழைய துண்டுகளைச் சுற்றிவிட்டுப் போடுகிறேன். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு வாளிகள் இரண்டு. வசந்தத்தில் அவற்றில் நிறைந்திருக்கும் தண்ணீரைப் பார்த்தால் பூட்டிய வண்டிக்குள் இவ்வளவு ஈரமா என்று இருக்கும். கூரைக் காற்றுப்போக்கிக்கு மேல் மழை மூடி இருப்பதால் அதையும் ஒரு விரல் அளவு திறந்தே விடுகிறேன்.

எலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வண்டியில் ரொட்டியும் சூப்புமாக ஒப்பேற்றுகிறவர்கள் இல்லை, சாம்பாரும் பொங்கலும் சமைக்கிறவர்கள். ஐந்தாம் ஆண்டு அலமாரியின் பின்னால் ஒரு பொட்டுக்கடலைப் பொட்டலம் மாட்டிக்கொண்டிருந்தது தெரியாமல் போய்விட்டது. அதற்காக வந்த எலிகள் மெத்தையைப் பிய்த்துக் கூடு கட்டிவிட்டன. எலிக்குப் பென்சில் நுழையும் துளை போதும். வண்டிக்கு அடியில் படுத்து, குழாயும் ஒயரும் உள்ளே போகும் ஒவ்வொரு துளையையும் செம்பு வலையால் அடைத்தேன். எஃகு நாரும் அடைக்கும், ஆனால் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். புதினா எண்ணெய், துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாள் இரண்டையும் வைத்துப் பார்த்தேன், என் வண்டியில் இரண்டுக்கும் பலன் இல்லை. எச்சத்தைக் கண்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். இங்குள்ள மான்நிற எலிகளிடமிருந்து ஹன்டா வைரஸ் வரக்கூடும், தூசியோடு மூச்சில் போனால் ஆபத்து. ஜன்னல்களைத் திறந்து காற்றோட விட்டு, கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் தாளால் துடைத்தெடுங்கள்.

குளிர்காலத்தின் நடுவில் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். பனி அரை அடிக்கு மேல் ஏறினால் நுரை முனை வைத்த நீளக் கம்பால் தரையில் நின்றபடியே இழுத்துவிடுவேன். மண்வாரி கூரையைக் கிழித்துவிடும்.

மே மாதத்தில் திறக்கும்போது பம்பைப் போட்டு, தெளிந்த தண்ணீர் வரும் வரை எல்லாக் குழாய்களையும் அலசுகிறேன். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பேன். பம்பு நின்றுவிட வேண்டும், நின்றபடியே இருக்க வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமலே அது அவ்வப்போது ஒரு முறை இரைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அடுத்து, 57 லிட்டருக்குக் கால் கப் என்ற கணக்கில் வாசனை சேர்க்காத பிளீச் கலந்து, குழாய்களில் ஓடவிட்டு, ஓர் இரவு வைத்து, மறுபடி அலசுகிறேன். கடந்த மூன்று வசந்தங்களாகப் பம்பு போட்டதும் நின்றது, இரையவில்லை. கூரை மூலையும் உலர்ந்தே இருக்கிறது.

இந்த ஆண்டுக்கான ஆன்டிஃப்ரீஸ் வேலை போன சனிக்கிழமை முடிந்தது. பை-பாஸை மனைவி திருப்பினாள், வெளி ஷவரில் நிறம் வந்ததும் மகள் குரல் கொடுத்தாள். இரண்டரைக் கேன் ஆனது. இன்று காற்று பலமாக இருக்கிறது, அடங்கியதும் உறையைப் போட வேண்டும்.