பாஷ் ஜிஎம்எஸ் 120: சுவருக்குள் கம்பி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க

சீராக இறங்கிக்கொண்டிருந்த ட்ரில் சட்டென்று நின்று, சத்தம் கீச்சென்று மாறினால் பிட் உலோகத்தைத் தொட்டுவிட்டது. அந்த நிலை வராமலிருக்கத்தான் இந்தக் கருவி. இரும்பை 120 மி.மீ., செம்பை 80 மி.மீ., மின்சாரம் ஓடும் ஒயரை 50 மி.மீ., மரச்சட்டத்தை 38 மி.மீ. ஆழம் வரை கண்டுபிடிக்கும் என்கிறது நிறுவனம். இவை உச்ச அளவுகள். மெல்லிய ஆணிக்கும் கனமான கம்பிக்கும் ஒரே ஆழத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கருவியின் நடுவில் ஓட்டை, அதைச் சுற்றி ஒளிவளையம். பச்சை என்றால் எதுவும் தென்படவில்லை. மஞ்சள் என்றால் பக்கத்தில் ஏதோ இருக்கிறது, அல்லது சிறியதாகவோ ஆழத்திலோ இருக்கிறது. சிவப்பு என்றால் நேர் கீழே. ஓட்டை வழியாகவே பென்சிலால் குறித்துவிடலாம். சின்ன வசதிதான், ஆனால் குறி நகராமல் இருப்பது இதனால்தான். காந்தத்தில் ஒட்டும் உலோகமா, ஒட்டாததா என்பதையும் திரையில் காட்டுகிறது. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இதன் உண்மையான பயன் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதில் இல்லை. துளை போட வேண்டிய புள்ளியைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குக் கிடையாக ஒருமுறை, பிறகு கொஞ்சம் மேலேயும் கீழேயும் மறுபடி ஓட்டுங்கள். ஒரே புள்ளியில் மட்டும் சிவந்தால் பழைய ஆணியோ திருகோ. மேலிருந்து கீழாக ஒற்றைக் கோடாக வந்தால் குழாய் அல்லது ஒயர். அந்தக் கோடு சுவிட்ச் பெட்டிக்கு நேராக வந்தால் ஒயர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் கான்கிரீட் கம்பி. ஒயரைத் தேடும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். அந்த இணைப்பில் உள்ள விளக்கையும் போட்டுவிடுங்கள். துளை போடும் நேரத்தில்தான் எம்சிபியை (அந்த இணைப்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்க வேண்டும்.

பெரிய குறை, ஆழத்தைச் சொல்வதில்லை. 40 மி.மீ. துளைக்கு 90 மி.மீ. உள்ளே இருக்கும் கம்பி தடையே இல்லை, ஆனாலும் வளையம் எச்சரிக்கும். ஈரச் சுவரில் மின்சார அறிகுறி பரவி, சுவர் முழுக்க ஒயர் இருப்பதுபோல் காட்டும். இன்னொரு கையைச் சுவரில் விரித்து வைத்தால் ஓரளவு தெளியும். பூச்சுக்குள் கம்பிவலை இருந்தால் எல்லா இடமும் உலோகம்தான். செங்கல் சுவருக்குள் போகும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்க்கு இதை நம்பவே கூடாது. பச்சை எரிகிறது என்று குளியலறைச் சுவரில் குழாய்க்கு நேர் மேலே துளை போடுபவர்களை நினைத்தால் பதறுகிறது.

இதையும் மீறி இடித்துவிட்டால் அழுத்தாதீர்கள். பிட்டின் கார்பைடு முனை உடைவது அங்கேதான். பிட்டை வெளியே எடுத்துத் தூளைப் பாருங்கள். வெள்ளிச் சுருள் வந்தால் இரும்பு, செம்பு நிறம் வந்தால் ஒயரோ குழாயோ, பிளாஸ்டிக் சீவல் வந்தால் ஒயர் போகும் பைப்போ தண்ணீர்க் குழாயோ. பின்னிரண்டில் எது வந்தாலும் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனையோ பிளம்பரையோ கூப்பிடுங்கள். பூச்சுக்குச் சற்றே உள்ளே தட்டையான தகடு தட்டுப்பட்டால் அது ஒயரைக் காக்க வைத்ததாக இருக்கலாம். உலோகத்தைத் துளைக்கும் பிட் மாட்டி அதைக் குடைந்துபோவதைவிட ஆபத்தான வேலை இல்லை.

தூணிலும் பீமிலும் கம்பி வந்தால் அறுக்கக் கூடாது, அது கட்டடத்தைத் தாங்குகிறது. 30 முதல் 50 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போட்டு, பழையதைச் சிமெண்ட் கலவையால் முழு ஆழத்துக்கும் அடையுங்கள். வாய்ப் பக்கம் மட்டும் பூசிவிட்டால் ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும்.