வாசனை சேர்த்த ரேப்சீட் எண்ணெய்: எது வாணலிக்கு, எது தட்டுக்கு?

மிளகாய், பூண்டு, எலுமிச்சை, பேசில் (துளசி இன மூலிகை) என்று வாசனை ஏற்றிய ரேப்சீட் எண்ணெய்கள் அலமாரியில் ஒரே குடும்பம் போலத் தெரியும். அடுப்பில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சூட்டைத் தாங்குவது எது, அடுப்பை அணைத்த பிறகே ஊற்ற வேண்டியது எது என்று தெரியாமல் வாங்கினால், கொடுத்த காசு ஆவியாகத்தான் போகும்.

எந்த வாசனையைச் சேர்த்தாலும் அடியில் இருப்பது ரேப்சீட் எண்ணெய்தான். ரேப்சீட் கடுகுக்கு நெருங்கிய உறவான செடி. பழைய ரகங்களில், உடலுக்கு நல்லதல்ல என்று கருதப்படும் எரூசிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிகுதி. கனடாவில் கீத் டவுனி, பால்டர் ஸ்டெஃபான்சன் என்ற இரு விஞ்ஞானிகளின் உழைப்பால் 1970களில் அது குறைந்த ரகங்கள் வந்தன. கனோலா என்று நாம் அறிவது அவற்றைத்தான். நிறைவுற்ற கொழுப்பு இதில் சுமார் 7 சதவீதம். ஆலிவ் எண்ணெயில் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. சுத்திகரித்த ரேப்சீட் எண்ணெய்க்குத் தனி மணம் கிடையாது, 200 டிகிரி செல்சியஸ் வரை புகையாமல் நிற்கும். சூடேற்றாமல் பிழிந்தது பொன்னிறமாக, கொட்டைப் பருப்பின் மணத்தோடு இருக்கும், சீக்கிரம் புகையும். ஆகவே வாசனை எது என்று பார்ப்பதற்கு முன்னால், அடிப்படை எண்ணெய் எந்த வகை என்று லேபிளில் பாருங்கள்.

வாணலிக்கு என் முதல் தேர்வு மிளகாய் எண்ணெய். காரத்தைத் தரும் கேப்சைசின் எண்ணெயில் நன்றாகக் கரையும். சமையல் சூட்டில் எளிதில் பறந்துவிடாது. முட்டை பொரிக்கலாம், வேகவைத்த உருளைக்கிழங்கைப் புரட்டலாம், மிஞ்சிய சோற்றைக் கிளறலாம். முழுவதும் இதையே ஊற்றாமல், ஒரு மேசைக்கரண்டி சாதாரண எண்ணெயில் ஒரு தேக்கரண்டி மிளகாய் எண்ணெயைக் கலந்தால் போதும். புகையும்வரை மட்டும் காய்ச்சாதீர்கள். அந்தக் காற்று தொண்டையைப் பிடித்துக்கொள்ளும்.

பூண்டு எண்ணெயைப் பலரும் முதலில் வாங்குகிறார்கள். நான் அதை மூன்றாவதாகத்தான் வைப்பேன். சாதாரண எண்ணெயில் இரண்டு பல் பூண்டைச் சீவிப் போட்டு, சிறு தீயில் பொன்னிறமாக விட்டால் வரும் மணத்துக்கு எந்தச் சீசாவும் ஈடாகாது. ஆனால் இரண்டு இடங்களில் பூண்டு எண்ணெய்தான் வெல்கிறது. ஒன்று, ஓவனில் காய்கறி சுடும்போது. கேரட்டும் கிழங்கும் வேகும் நேரத்துக்குள் பச்சைப் பூண்டு கருகிக் கசந்துவிடும். துண்டுகள் இல்லாத எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, பூண்டு சாப்பிட்டால் வயிறு உப்பிசம் கொள்பவர்களுக்கு. பெரும்பாலும் அவர்களைத் தொந்தரவு செய்யும் ஃபிரக்டன் என்ற மாவுப்பொருள் எண்ணெயில் கரைவதில்லை. அதனால் வடிகட்டிய பூண்டு எண்ணெய் அவர்களுக்கு இழந்த ருசியைத் திருப்பித் தருகிறது. இது பெரிய விஷயம்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றும் புளிப்பும் இல்லாத அந்த இடத்தில் பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளர்ந்து நஞ்சை உருவாக்க முடியும். வாசனையிலோ நிறத்திலோ அது காட்டிக்கொடுக்காமலும் இருக்கலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டால் 36 பேர் இப்படி நோயுற்றார்கள். வீட்டில் செய்தால் உடனே ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே வைத்து, 4 நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். பச்சை மூலிகை போட்ட எண்ணெய்க்கும் இதே கவனம் வேண்டும்.

எலுமிச்சை எண்ணெய் மிளகாய்க்கு நேர் எதிர். அதன் மணம் தோலில் உள்ள லிமோனீன், சிட்ரால் போன்றவற்றிலிருந்து வருகிறது. இவை சூடு பட்டால் பறந்துவிடும். வாணலியில் ஊற்றினால் சமையலறை மணக்கும், சாப்பாடு மணக்காது. இறக்கிய பிறகு சேருங்கள். இன்னொன்று, இதில் புளிப்பு இருக்காது; சிட்ரிக் அமிலம் எண்ணெயில் கரையாது. சாறு பிழிந்ததைப் போன்ற சுவையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஆனால் அந்தக் குறையே சில சமையலில் வரமாகிறது. சாற்றை ஊற்றினால் வெந்த பீன்ஸின் பச்சை மங்கும், பால் சேர்த்த சூப் திரியும். எலுமிச்சை எண்ணெய் இரண்டையும் செய்யாது. ஆவியில் வெந்த மீன், பயறு, வெறும் பாஸ்தா என்று எதன்மேல் ஒரு தேக்கரண்டி விட்டாலும் தட்டு உயிர்பெறும்.

பேசில் எண்ணெயும் அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டியதே. தக்காளிமேல் நன்றாகத்தான் இருக்கிறது. புதிய இலை கிடைக்கும் வீட்டில் இதற்குத் தேவையில்லை.

இரண்டே சீசா வாங்குவதென்றால் மிளகாயும் எலுமிச்சையும் வாங்குங்கள். ரேப்சீட் எண்ணெயில் சுமார் 9 சதவீதம் ஒமேகா-3 இருப்பதால் வெளிச்சத்திலும் சூட்டிலும் விரைவில் கெடும். சிறிய சீசாவாக, முடிந்தால் அடர்நிறக் கண்ணாடியில் வாங்கி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பழைய பெயிண்ட் வாசனை அடித்தால், தேதி மீதம் இருந்தாலும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.