ஒரே பெயர், வேறு வேறு பிளாக்: ஆட்டோகேடில் பல வருட அனுபவம்

கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில், பல பேர் வரைந்த டிராயிங்குகளை ஒன்றுசேர்த்து ஒரே ஃபைலாக்குவது என் அன்றாட வேலை. இதில் என் நேரத்தை அதிகம் பிடுங்குவது கோடுகளோ லேயர்களோ அல்ல, பிளாக் பெயர்கள்தான். பிளாக் என்றால் கதவு, சுவிட்ச் போன்ற ஒரு குறியீட்டை ஒருமுறை வரைந்து, பெயர் வைத்து, வேண்டிய இடத்திலெல்லாம் போட்டுக்கொள்வது; அந்த மூல வரைவுதான் அதன் வரையறை.

விதி என்னவோ எளிது. ஒரு டிராயிங்கில் ஒரு பெயருக்கு ஒரே வரையறைதான் இருக்க முடியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்கூட கணக்கில் வராது. அதே பெயரில் வெளியிலிருந்து இன்னொரு பிளாக் வந்தால், ஏற்கெனவே உள்ளே இருப்பதுதான் நிற்கும். காப்பி-பேஸ்ட் செய்தாலும் சரி, மற்ற ஃபைல்களின் பிளாக்குகளைக் காட்டும் டிசைன் சென்டரிலிருந்து இழுத்துப் போட்டாலும் சரி, இதே கதைதான். புதிய வரையறை ஏற்கப்படவில்லை என்று திரையின் கீழே உள்ள கமாண்ட் லைனில் ஒரு வரி ஓடும். வேலை வேகத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

நம் டிராயிங்கில் 'கதவு-1' என்பது 900 மி.மீ. அகலம், அதன் பேஸ் பாயின்ட் (பிளாக்கை வைக்கும்போது பிடிக்கும் புள்ளி) கீல் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் டிராயிங்கில் அதே பெயருக்கு 750 மி.மீ., பேஸ் பாயின்ட் திறப்பின் நடுவில். பேஸ்ட் செய்ததும் கழிவறைக் கதவெல்லாம் 900 ஆகி, பாதி சுவருக்குள் போய் நிற்கும். இது நல்ல பிழை, பார்த்ததுமே தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது மின் குறியீடுகளுக்குத்தான். ஒருவர் 'சுவிட்ச்-1' என்று ஒருவழி சுவிட்சுக்குப் பெயர் வைத்திருப்பார், இன்னொருவர் அதையே இருவழிக்கு வைத்திருப்பார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வட்டம். மாடிப்படியின் மேலும் கீழும் இருக்க வேண்டிய இருவழி சுவிட்சுகள் ஒருவழியாக மாறிக் கிடந்தாலும் தாளில் எதுவும் உறுத்தாது. 2022 பதிப்பில் வந்த, பிளாக்குகளை எண்ணும் கவுன்ட் கட்டளையை வைத்து எண்ணினாலும் எண்ணிக்கை பெயர்ப்படி சரியாக இருக்கும், பொருள்தான் தவறாக இருக்கும்.

காப்பி செய்ததை எல்லாம் ஒரே பிளாக்காகச் சுற்றி ஒட்டும் பேஸ்ட் அஸ் பிளாக் இதற்குத் தீர்வு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுற்றியுள்ள பிளாக்குக்குத்தான் அது ஏ$சி என்று தொடங்கும் புதுப் பெயர் தருகிறது. உள்ளே இருக்கும் கதவும் சுவிட்சும் பழையபடி மோதத்தான் செய்யும்.

நான் கடைசியில் நிலைத்து நின்ற வழி எக்ஸ்ரெஃப், அதாவது இன்னொரு ஃபைலை உள்ளே கலக்காமல் இணைப்பாக மட்டும் காட்டுவது. வந்த டிராயிங்கை முதலில் எக்ஸ்ரெஃபாக இணைக்கிறேன். அந்த நிலையில் அதன் பிளாக் பெயர்களுக்கு முன்னால் ஃபைல் பெயரும் ஒரு செங்குத்துக் கோடும் இருப்பதால் மோதல் வராது. பிறகு பைண்ட் செய்கிறேன், அதாவது அந்த இணைப்பை நம் ஃபைலுக்குள் நிரந்தரமாகச் சேர்க்கிறேன். அங்கே பைண்ட், இன்சர்ட் என இரண்டு வகை கேட்கும். இன்சர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் கலந்துபோய், நம் டிராயிங்கின் வரையறையே ஜெயிக்கும், அதாவது மறுபடி அதே சிக்கல். பைண்ட் என்றால் ஃபைல் பெயர், $0$, பிளாக் பெயர் என்று சேர்ந்து தனித்தனியாகவே வந்து நிற்கும். பட்டியலில் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தக் குறியீடு யாரிடமிருந்து வந்தது என்பது ஒரே பார்வையில் தெரியும். அதற்காகவே இணைப்பதற்கு முன் ஃபைலுக்குச் சின்னதாக, புரியும்படி ஒரு பெயர் வைத்துவிடுவேன்.

அதன்பின் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். உண்மையிலேயே ஒரே குறியீடு என்றால் ஆட்டோகேடின் கூடுதல் கருவிகளான எக்ஸ்பிரஸ் டூல்ஸில் உள்ள பிளாக்ரீப்ளேஸ் கொண்டு ஒன்றாக்கிவிட்டு, பயன்படாத மிச்சத்தை பர்ஜ் கொண்டு நீக்குகிறேன். ஒப்பிடும்போது படத்தோடு பேஸ் பாயின்ட்டையும் அலகையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வேறு வேறு குறியீடு என்றால் ரீநேம். அந்தப் பெட்டியில் நட்சத்திரக் குறி ஏற்கப்படும் என்பதால், ஒரே முன்னொட்டில் தொடங்கும் பெயர்களை மொத்தமாக மாற்றலாம்.

பெயர் வைப்பதில் இப்போது கறாராக இருக்கிறேன்: யாருடையது, என்ன பொருள், என்ன அளவு. ஆட்டோகேட் 2000 வருவதற்கு முன் 31 எழுத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது, அதனால் பழைய லைப்ரரிகளில் பெயர்கள் மொட்டையாக இருப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. இப்போது 255 வரை இடமிருக்கிறது. 'கதவு', 'வடக்கு', '1' என்றெல்லாம் இன்னும் வைப்பதற்குக் காரணமே இல்லை. டிராயிங் தரத்தைச் சரிபார்க்கும் கேட் ஸ்டாண்டர்ட்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் விட்டுவிட முடியாது. அது சரிபார்ப்பது லேயர், லைன்டைப், டெக்ஸ்ட் ஸ்டைல், டைமென்ஷன் ஸ்டைல். பிளாக் அந்தப் பட்டியலில் இல்லை.

அட்ரிபியூட் (பிளாக்கோடு வரும், நிரப்பிக்கொள்ளும் எழுத்து) உள்ள பிளாக்குகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் நிதானம் தேவை. வரையறையை மாற்றினாலும், ஏற்கெனவே வைத்த பிளாக்குகளில் பழைய அட்ரிபியூட்டுகளே இருக்கும். அவற்றைப் புதிய வரையறையோடு ஒத்துப்போகச் செய்யும் அட்-சிங்க் கட்டளையை ஓட்டினால்தான் மாறும். அதை ஓட்டினால், கையால் நகர்த்திச் சரிசெய்த எழுத்துகளெல்லாம் வரையறையில் உள்ள இடத்துக்கே திரும்பிவிடும். அதனால் அட்-சிங்கை முதலில் முடித்துவிட்டு, எழுத்துகளை ஒழுங்குபடுத்துவதை அதற்கப்புறம்தான் தொடுகிறேன்.