ஐ.டி. வேலையா, கேட் தேர்வா, குரூப் 4-ஆ? பி.இ. முடிப்பவருக்கு ஓர் அலசல்

கடைசி செமஸ்டர் தொடங்கியதும் வீட்டில் மூன்று பேச்சுதான் ஓடும்: கேம்பஸில் கிடைத்த ஐ.டி. வேலை, மேற்படிப்பு, அரசு வேலை. மூன்றையும் சம்பளத்தை வைத்தே எடைபோடுவார்கள். ஒரு வருடம் போய், நினைத்தது நடக்காவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர் குறைவு. இந்த அலசல் அந்தக் கேள்வியிலிருந்து.

ஐ.டி. வேலை

ஆண்டுக்கு 3.6 லட்சம் சிடிசி (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) என்றதும் மாதம் 30,000 என்று அப்பா கணக்குப் போட்டுவிடுவார். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்க அட்டவணையைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 1,440, கிராஜுவிட்டி 577, காப்பீடு ஒரு 500, வேரியபிள் (வேலைத்திறனைப் பொறுத்துத் தரும் தொகை) 2,000. இவை எல்லாம் சிடிசிக்குள் அடக்கம், ஆனால் மாதாமாதம் கைக்கு வராது. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,440 பிடிபடும். மிஞ்சுவது சுமார் 24,000. சோழிங்கநல்லூர் பக்கம் சாப்பாட்டோடு பி.ஜி. அறைக்கு 8,000 கொடுத்தால் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று இப்போதே தெரிந்துவிடும்.

சொதப்பும் இடங்கள் இரண்டு. ஆஃபர் லெட்டர் வேறு, சேரும் தேதி வேறு. இடையில் மாதக்கணக்கில் இழுக்கலாம். அரியர் நின்றால் ஆஃபரே கைநழுவும். அடுத்தது சர்வீஸ் அக்ரிமென்ட்: எத்தனை மாதம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், பயிற்சிக் காலமும் அந்தக் கணக்கில் சேருமா என்று எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டு வைத்துக்கொள்ளும் இடம் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிடிக்காமல் ஒரு வருடத்தில் வெளியே வந்தாலும் பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர், கொஞ்சம் சேமிப்பு இருக்கும்.

கேட், அல்லது சீட்டா

எம்.இ., எம்.டெக். சேர இரண்டு வாசல்: ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் கேட், அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா. சீட்டா எளிது என்று அதை மட்டும் எழுதுவோர் உண்டு. பண வித்தியாசத்தைப் பாருங்கள்: கேட்டில் தகுதி பெற்று ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) அங்கீகாரம் உள்ள படிப்பில் சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை. 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். சீட்டா மதிப்பெண்ணில் சேர்ந்தவருக்கு இது கிடையாது.

கேட் 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொதுத் திறனுக்கு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தவறினால் அதன் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். எண்ணை நிரப்பும் கேள்விக்குக் கழிவு இல்லை, அதனால் அவற்றைக் காலியாக விட வேண்டாம். கீபோர்டு வேலை செய்யாது, சொந்தக் கால்குலேட்டரும் கூடாது. திரையில் இருக்கும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்தியே எல்லாக் கணக்கும். வீட்டில் அதிலேயே பழகாதவர் ஹாலில் நேரத்தைக் கோட்டைவிடுகிறார்.

தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். அதாவது ஏழாவது செமஸ்டரில். ‘டிகிரி முடியட்டும்’ என்று இருந்தால் ஒரு வருடம் போச்சு. மூன்றாம் ஆண்டு மாணவரே எழுதலாம். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும்.

ஓ.பி.சி. இடத்தில் என்.ஐ.டி. கேட்பவர்கள் பலர் கவுன்சலிங்கில் தடுக்கி விழுவது சான்றிதழில். நம்மூர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கிரீமிலேயர் (வசதி வரம்பைத் தாண்டிய பிரிவினர்) அல்லாதோர் சான்று வேண்டும்.

வேலை கிடைக்கவில்லை, இரண்டு வருடத்தை ஓட்டலாம் என்று ஏதோ ஒரு கல்லூரியில் எம்.இ. சேர்வதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. பிளேஸ்மென்ட்டும் இருக்காது, ஃபிரஷர் என்ற அடையாளமும் பழசாகிவிடும்.

குரூப் 4

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்துவது. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு, ஒரே தேர்வு, நேர்முகம் இல்லை. இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-இல் தொடங்கும். அகவிலைப்படி சேர்ந்தால் 30,000-ஐத் தொடும். கேட்கச் சுலபம்தான். 2025 அறிவிக்கையில் 3,935 இடம். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல்.

300 மதிப்பெண்ணில் பாதி தமிழுக்கு. அந்த 150-இல் 60 வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மதிப்பெண்ணுக்காகப் பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். சமச்சீர் தமிழ்ப் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து புரட்ட வேண்டியிருக்கும். தவறான விடைக்குக் கழிவு கிடையாது. தமிழ்வழியில் படித்தவருக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. தலைமையாசிரியரிடம் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

டிகிரி இருக்கிறதே என்று குரூப் 2 பக்கம் திரும்பினால் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மே 21-இல் நடந்த முதல்நிலைத் தேர்வுக்கு முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி 25-இல். அதன் முடிவு 2024 ஜனவரியில். அத்தனை நாளும் கல்யாண வீட்டில் “தம்பி இப்ப என்ன பண்றான்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அம்மாதான். தேறாவிட்டால் ரெஸ்யூமில் காட்ட எதுவும் இருக்காது.

யாருக்கு எது

வீட்டில் கடன் இருந்தால் ஐ.டி. ஆஃபரை விடாதீர்கள்; குரூப் 4-க்கு வேலையில் இருந்துகொண்டே காலையில் இரண்டு மணி நேரம் தமிழ் படித்துத் தயாராகலாம். கேட்டுக்கு அந்த வழி கடினம். பாடம் மறக்கும் முன், கல்லூரியில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. கோர் பாடத்தில் பிடிப்புள்ள மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சிவில் மாணவர்களுக்குக் கேட்தான் எங்கள் முதல் பரிந்துரை. பொதுத்துறை நிறுவனங்கள் சிலவும் அதே மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கின்றன. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக அரசுத் தேர்வுக்கு உட்காருவதென்றால், எத்தனை முறை எழுதுவேன் என்பதை முதல் நாளே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு முறை போதும்.

எந்தப் பக்கம் போனாலும் கல்லூரியை விட்டு வரும்போது புரொவிஷனல், மார்க் ஷீட், டி.சி. மூன்றையும் வாங்கி, அன்றைக்கே ஸ்கேன் செய்து வையுங்கள். எம்.இ. சேரும் கல்லூரி ஒரிஜினல் டி.சி.யை வாங்கிக்கொள்ளும், அதன் பிறகு உங்களிடம் இருப்பது அந்த நகல் மட்டும்தான்.