மூன்று நாள், ஒரு பெருநகரம், ஒரே ஆள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

இருவராகப் போனால் அறை வாடகை பாதியாகும், டாக்சிக் கட்டணமும் பாதியாகும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் பெட்டியைப் பார்த்துக்கொள்வார். அடுத்து எங்கே போவது என்ற யோசனையைக்கூட மாறி மாறிச் சுமக்கலாம். தனியாகப் போகிறவருக்கு இந்தப் பங்கீடு எதுவும் இல்லை. ஆனால் பயணத் திட்டம் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை தம்பதியையோ குடும்பத்தையோ மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. வழக்கமாக எதிரெதிரே வைக்கப்படும் தேர்வுகளைத் தனி ஆளின் கணக்கில், மூன்று நான்கு நாள் என்ற குறுகிய அவகாசத்துக்குள் நிறுத்தி எடைபோட்டால் விடைகள் பல இடங்களில் மாறிவிடுகின்றன.

நகர மையமா, புறநகரா?

பணம் அதிகம் போவது இங்கேதான். மையத்தில் ஒரு சின்ன அறைக்குக் கேட்கும் வாடகையில் புறநகரில் விசாலமான அறையே கிடைத்துவிடும். முழு வாடகையும் ஒருவர் தலையில் விழுவதால் தனிப் பயணியின் மனம் புறநகர்ப் பக்கம் சாய்வது இயல்பு. என் வாக்கு மையத்துக்கே.

புறநகர் அறையிலிருந்து பார்க்க வேண்டிய இடங்களுக்குப் போய்ச்சேர, நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து பத்து நிமிடம். தனியாகச் சுற்றுகிறவர் மதியம் ஒருமுறை அறைக்குத் திரும்ப ஆசைப்படுவார்: கால் நீட்ட, கைபேசிக்கு மின்னேற்ற, வாங்கிய பொருளை வைத்துவிட்டு வர. ஆக ஒரு நாளில் போக வர நான்கு பயணம். புறநகரில் 200 நிமிடம், மையத்தில் 40 நிமிடம். மூன்று நாளில் வித்தியாசம் எட்டு மணி நேரம். மிச்சம் பிடித்த வாடகைக்கு விலையாக, ஊர் சுற்றும் ஒரு முழு நாளைக் கொடுத்திருப்போம். பத்து நாள் தங்குகிறவர் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். மூன்று நாள் பயணத்தில் அது மூன்றில் ஒரு பங்கு.

இரவுக் கணக்கு தனி. நியூயார்க்கின் சுரங்க ரயில் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. லண்டனில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் சில தடங்களில் மட்டும், விடிய விடிய ரயில் உண்டு. டோக்கியோவில் நள்ளிரவுக்குப் பின் ஏறக்குறைய ஒரு மணிக்கு ரயில்கள் நின்றுவிடும்; மீண்டும் ஓடத் தொடங்குவது ஐந்து மணியளவில். கடைசி ரயிலைத் தவறவிட்டால் தொலைதூர டாக்சிக் கட்டணத்தைப் பங்குபோட யாரும் இல்லை. மையத்தில் தங்கியிருந்தால் வெளிச்சமான தெருக்கள் வழியே நடந்தே வந்துவிடலாம். இரவு நாடகமோ கச்சேரியோ பார்க்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒன்றுக்காகவே மையத்தில் தங்கலாம்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். எல்லா நகரத்துக்கும் ஒரே மையம் கிடையாது. டோக்கியோவை வளையமாகச் சுற்றிவரும் யமனோட்டே தடம் 34.5 கிலோமீட்டர் நீளம், முப்பது நிலையங்கள்; ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த வளையத்தில் எந்த நிலையத்தை ஒட்டித் தங்கினாலும் நகரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். உவேனோ பக்கம் தங்கினால் நரிட்டா விமான நிலையத்துக்கு நேரடி ரயிலும் உண்டு, தேசிய அருங்காட்சியகம் நடக்கும் தூரம். இப்படிப்பட்ட நகரங்களில் வரைபடத்தின் நடுப்புள்ளியைத் தேடாமல், நல்ல தடத்தில் உள்ள நிலையத்தைத் தேட வேண்டும்.

மலிவாகத் தோன்றும் இன்னொரு வாய்ப்பு, வார இறுதியில் வாடகை இறங்கும் நிதி நிறுவனப் பகுதிகள். லண்டனில் 'சிட்டி' எனப்படும் பழைய வணிக மையம் இதற்கு நல்ல உதாரணம். ஆனால் சனி, ஞாயிறுகளில் அங்கே பல கடைகள் மூடிக்கிடக்கும், தெருக்களில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். துணையோடு வந்தவருக்கு அந்த அமைதி பிடிக்கலாம். தனியாக, புதிய ஊரில், இரவு பத்து மணிக்கு அந்தத் தெருக்களில் நடப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பலர் தங்கும் கூடமா, தனி அறையா?

ஒரே கூடத்தில் பலர் படுக்கும் இளைஞர் விடுதி என்ற ஏற்பாடு ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் 1912இல் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் தனிப் பயணிக்கு மலிவான படுக்கை இத்தகைய விடுதிகளில்தான் கிடைக்கிறது. பேச்சுத் துணையும் கிடைக்கும். பெண்களுக்கு மட்டுமான கூடங்களும் பல விடுதிகளில் உண்டு.

ஆனால் மூன்று நாள் பயணத்தில் ஒரே ஒரு இரவு தூக்கம் கெட்டாலும் மறுநாள் பாதி போய்விடும். எட்டுப் பேர் கூடத்தில் ஒருவர் அதிகாலை விமானத்துக்குப் பெட்டி கட்டினால் போதும். 1979இல் ஒசாகாவில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட கேப்சூல் விடுதி, அதாவது ஒருவர் படுக்கும் அளவே உள்ள சிறு பெட்டி போன்ற அறைகள் கொண்டது, கூடத்துக்கும் தனி அறைக்கும் நடுவில் நிற்கிறது. படுக்கை தனி, குளியலறை பொது. அங்கே பெரும்பாலும் படுக்கையறைக்குப் பூட்டு இருக்காது, திரை மட்டுமே. பொருள்களை லாக்கரில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியோடு போகிறவருக்கு அது ஒத்துவராது.

எனக்குப் பிடித்த வழி, விடுதிக்குள்ளேயே இருக்கும் சிறிய தனி அறை. தூங்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளலாம், பேச ஆசைப்பட்டால் பொதுக்கூடத்துக்கு இறங்கி வரலாம். அது கிடைக்காத ஊரில் சாதாரண ஓட்டல் அறை எடுத்துக்கொண்டு, முதல் நாள் வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் நடக்கும் குழுவில் சேர்ந்துவிடுவேன். துணையும் கிடைக்கும், ஊரின் திசையும் பிடிபடும், முடிந்ததும் யாருக்கும் பதில் சொல்லாமல் கிளம்பலாம்.

பாஸா, அவ்வப்போது டிக்கெட்டா?

இதற்கு நீண்ட யோசனை தேவையில்லை. லண்டனில் ரயிலிலும் பேருந்திலும் போகும்போது டிக்கெட்டுக்குப் பதிலாக வங்கி அட்டையைக் கருவியில் தட்டிக்கொண்டே போனால் ஒரு நாளைய உச்சவரம்புக்கு மேல் பணம் பிடிக்கமாட்டார்கள். நியூயார்க்கில் ஏழு நாளுக்கு உச்சவரம்பு உண்டு. ஆகவே முன்கூட்டிப் பாஸ் வாங்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: காலையில் அட்டை, மாலையில் கைபேசி என்று மாற்றித் தட்டினால் இரண்டும் வெவ்வேறு கணக்காகிவிடும். பாரிஸின் நவிகோ வாராந்தரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டும் செல்லும். வியாழக்கிழமை போய் இறங்குகிறவருக்கு அதில் லாபம் குறைவு.

பல காட்சியிடங்களை ஒரே அட்டையில் அடக்கும் சுற்றுலாப் பாஸ்களை நான் தவிர்க்கிறேன். கொடுத்த காசுக்கு ஈடுகட்ட ஒரு நாளில் மூன்று நான்கு இடங்களுக்கு ஓட வேண்டியிருக்கும். தனியாகப் போவதன் பெரிய சுகமான நிதானம் அங்கேயே பறிபோகிறது.

இறுக்கமான அட்டவணையா, மனம்போன போக்கா?

இரண்டுமே தனி ஆளுக்குச் சிரமம். அட்டவணை இறுகினால் ஒரு தாமதம் எல்லாவற்றையும் குலைக்கும். எதுவுமே முடிவு செய்யாமல் போனால், 'அடுத்து என்ன' என்ற கேள்விக்கு நாள் முழுவதும் ஒரே மூளை பதில் சொல்லிக் களைக்கும். நாளுக்கு ஒரே ஒரு முன்பதிவு என்பது என் ஏற்பாடு. அதைச் சுற்றியுள்ள பகுதியை நடந்து பார்த்தால் போதும்.

அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கிழமை முக்கியம். பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கள்கிழமை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் புதன் விடுமுறை, இஸ்தான்புல்லின் பெரிய சந்தைக்கு ஞாயிறு, டெல்லி செங்கோட்டைக்குத் திங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் இல்லத்துக்கான டிக்கெட்டுகள் ஆறு வாரத்துக்கு முன்பே, செவ்வாய்க்கிழமைகளில் இணையத்தில் மட்டும் வெளியாகின்றன. இங்கேதான் தனி ஆளுக்கு ஓர் ஆதாயம்: நாடக அரங்கிலும் இசை அரங்கிலும் எல்லாம் விற்றுத்தீர்ந்த பிறகும் இரண்டு ஜோடிகளுக்கு நடுவே ஓர் ஒற்றை இருக்கை மிஞ்சியிருப்பது உண்டு. அன்று மாலை கேட்டுப் பார்க்கத் தயங்கவே கூடாது.

இரவு போய் இறங்குவதா, பகலிலா?

இரவு தாமதமாக இறங்கும் விமானம் மலிவு. ஆனால் டிக்கெட் விலையோடு, விமான நிலையத்திலிருந்து அறை வரைக்குமான செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நரிட்டா, டோக்கியோ மையத்திலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். நகரின் இன்னொரு விமான நிலையமான ஹனேடா அதைவிட மிகப் பக்கம். கடைசி ரயில் போனபின் நரிட்டாவில் இறங்கும் தனி ஆளுக்கு மிஞ்சும் வழிகள், நீண்ட டாக்சிப் பயணம் அல்லது விமான நிலையத்திலேயே ஓர் இரவு. பகலில் ஹனேடாவில் இறங்கும் டிக்கெட் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், டாக்சிக் கட்டணத்தையும் வீணாகும் ஓர் இரவையும் சேர்த்தால் பெரும்பாலும் அதுவே மலிவாக முடியும்.