என்ஜின் சூடாக இருந்தால் அந்த வானை வாங்காதீர்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு கொழும்பில் பழைய வானுக்கும் யானை விலையாக இருந்தது. 2023இல் சேமிப்போடு மனைவியின் நகையையும் சேர்த்து, 1991 டீசல் டொயோட்டா லைட்ஏஸ் வான் ஒன்று வாங்கினோம். அம்மாவுக்கு ஏறி இறங்கச் சுகம், பிள்ளைகள் மூவருக்கும் இடம் போதும் என்ற நினைப்பு.

தெஹிவளையில் காட்டினார்கள். சொன்ன நேரத்துக்குத்தான் போனேன், வான் ஏற்கெனவே சூடு. "பிள்ளைகளை டியூஷனில விட்டுட்டு இப்பதான் வாறன் தம்பி" என்றார் விற்றவர். சாவியைத் திருப்பியதும் பிடித்தது, புகையும் இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னேன். சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும் என்றார். அது உண்மைதான், நானும் விட்டுவிட்டேன். மூடியை யாரும் திறக்கக் கூடாதென்றே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் விளங்கியது. பரிசோதித்ததும் அவர் காட்டிய கராஜில்தான். அது என் பெரிய பிழை.

மூன்றாம் வாரம் கண்டிக்குப் புறப்பட்டோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. லைட்ஏஸில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில். அங்கேதான் அம்மா இருந்தார். "தம்பி, கால் சுடுது" என்றார். எல்லோரையும் வீதியோரம் இறக்கி நின்ற அந்த இரண்டு மணித்தியாலத்தை என்னால் மறக்க முடியாது.

எங்கள் மெக்கானிக் பாஸ் கழற்றிப் பார்த்தார். என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு, அதுவும் முன்பே ஒருமுறை ஒட்டியது. ஊருக்குள் ஓடும்போது முள் ஏறாதிருக்கத் தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையே எடுத்திருந்தார்கள். பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வேறு ஹெட் தேடி மாட்டினோம். கூலியோடு 2 லட்சத்தைத் தாண்டியது.

விற்றவருக்கு அழைத்தேன். "நான் புரோக்கர் மட்டும்தான், வாகனப் பதிவுப் புத்தகத்தில பேர் இருக்கிறவரைக் கேளுங்கோ" என்றார். புத்தகத்தில் இருந்தவரோ இரண்டு கைக்கு முன்பே வாங்குபவர் பெயர் எழுதாத ஓப்பின் பேப்பரில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டவர். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் பற்றுச்சீட்டும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். சீட்டைத் தூக்கி என்ஜினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் வாதாடாமல் திரும்பி, இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். தண்ணீரில் குமிழி தொடர்ந்து வந்தாலும், ஒயில் மூடிக்கு அடியில் பால்தேநீர் நிறத்தில் களி படிந்திருந்தாலும் வேண்டாம். விற்பவரின் அடையாள அட்டையும் புத்தகத்திலுள்ள பெயரும் ஒன்றாக இல்லையென்றால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.