1,850 ரூவாக்கு வாங்கின "ஒரு நாள் வீட்டுக் கற்றல்" பேக், மழை அளக்கிற போத்தல் மட்டும் பாஸ்

ஆகஸ்ட் லீவுல ரெண்டு புள்ளைகளையும் வீட்டுக்குள்ள வச்சி எப்புடி சமாளிக்கிறதுனு தெரியாமத்தான் ஹட்டன் டவுன்ல ஒரு புத்தகக் கடையில இத வாங்கினேன். கவர்ல "ஒரு நாள் வீட்டுக் கற்றல், தரம் 1 முதல் 3 வரை"னு பெருசா போட்டு கீழ சின்ன எழுத்துல "பெற்றோர் உதவி தேவையில்லை"னு போட்டிருந்துச்சு, உண்மைய சொன்னா அந்த சின்ன எழுத்துக்குத்தான் நான் காசு குடுத்தேன். யார் போட்டதுனு இங்க சொல்லல, கொழும்பு அட்ரஸ் ஒன்னு இருக்கு, அவ்வளவுதான்.

மகன் தரம் 3, மகள் தரம் 1. அவங்க அப்பாவுக்கு கொழும்புல வேல, மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. நான் டவுன்ல தையல் கடையில நிக்கிறேன், இத செஞ்சு பார்த்த அன்னக்கி எனக்கு லீவு. கூட எங்கம்மா, முப்பது வருசத்துக்கு மேல தேயில மலையில கொழுந்து எடுத்தவங்க, இப்ப வேலய விட்டு வீட்டுலதான். வெளிய விடிஞ்சதுல இருந்து மழை, மிஸ்ட் எறங்கி பக்கத்து லயமே (தோட்டத்து வரிசை வீடு) தெரியல.

பேக்குக்குள்ள எழுத்து கார்ட், வெளையாட்டு காசு, வெட்டி ஒட்டுற தாள், ஒரு சின்ன கத்தரிக்கோல் (தாளையே வெட்டாது, மடிச்சுத்தான் விடும்), கம், ஒரு அளக்கிற டேப், ரெண்டு கப், கொஞ்சம் பயறு, பஞ்சு, அப்புறம் ஒரு நேரசூசி. காலையில 8ல இருந்து 4 மணி வரைக்கும், ஒவ்வொன்னும் 45 நிமிசமாம். இத எழுதினவங்க வீட்டுல ஆறு வயசு புள்ள இல்லனு அங்கயே தெரிஞ்சிருச்சு. என் மகள் ஒரு எடத்துல 45 நிமிசம் உக்காந்திருந்தா நான் காய்ச்சலானு நெத்திய தொட்டுப் பார்ப்பேன். ஸ்கூல்லயே தரம் 1, 2க்கு வெளையாட்டும் செயற்பாடும்தான் கூட, மேசை வேல கொஞ்சந்தான், இவங்க என்னடான்னா முக்கால்வாசிய மேசையில உக்கார வச்சே முடிச்சிருக்காங்க.

எழுத்து கார்ட் நல்லா இருக்கு, அத மறைக்கக் கூடாது. தடிப்பான மட்ட, ஈரக் கையால தொட்டாலும் ஊறல, ல ள ழ மூனுக்கும் மூனு கலர், ந ண ன அப்புடித்தான். மகளுக்கு "மழை"ல எந்த ழ வரும்னு அன்னக்கித்தான் மனசுல பதிஞ்சுது. வெளிய பெஞ்சிக்கிட்டு இருந்தது அதுக்கு ஒதவியா இருந்திருக்கும்.

அதுக்கு பொறகு படக் கார்ட். முட்டைகோஸ், பீன்ஸ், ஆட்டோனு போட்டிருக்கு. மகள் ஒவ்வொன்னா எடுத்து "அம்மா இது கோவா, இது போஞ்சி, இது த்ரீவீல், எல்லாத்தையும் தப்பா எழுதி வச்சிருக்காங்க"ங்கிறா. போஞ்சியும் கோவாவும் வெளையிற ஊர்ல இருக்கிற புள்ளைக்கு அதே மரக்கறிய வேற பேர்ல சொல்லிக் குடுக்கிறதுக்கு நான் காசு குடுத்திருக்கேன். ஆனா இதையாச்சும் பொறுத்துக்கலாம், வெளையாட்டு காச எடுத்தப்போதான் எனக்கு ஏறிருச்சு. அத்தனையும் இந்திய நோட்டு! மகன் ஒன்ன தூக்கிப் பிடிச்சு "இந்த கண்ணாடி போட்ட தாத்தா யாரும்மா"னு கேட்டான், காந்தினு சொன்னேன், "அவரு நம்ம ஊரு நோட்டுல இல்லயே"ங்கிறான். வெல தாள்ல பென்சில் 5 ரூபாய்னு போட்டிருக்கு, "எந்த கடையிலம்மா, நாளைக்கே போவோம்"னு கெளம்பிட்டான். எங்கயோ இந்தியாவுல செஞ்ச படத்த அப்புடியே எறக்கி கொழும்புல பிரிண்ட் அடிச்சிருக்காங்கனு நெனக்கிறேன். கடசியில என் பர்ஸ்ல இருந்த 1, 2, 5, 10, 20 ரூவா குத்திகள கொட்டி, பழைய கலண்டர வெட்டி 100, 500, 1000 நோட்டு செஞ்சு கடை போட்டோம். அது ஒன்ற மணித்தியாலம் ஓடுச்சு.

உப்பு மாவு பொம்ம: ரெண்டு கப் கோதம மா, ஒரு கப் உப்பு. "திங்கிற மாவ உப்புல கொட்டுறீங்களே"னு அம்மா ஏசினாங்க. உப்பு போடாத பாதிய புடுங்கி ரொட்டி சுட்டுட்டாங்க, மீதியில ஒரு பாம்பு மட்டும் வந்துச்சு.

தராசு செய்யிற வேல ஒன்னு. துணி கொளுவுற ஹேங்கர்ல ரெண்டு யோகட் கப்ப தொங்கவிட்டு எது பாரம்னு பார்க்கிறது. அடுப்படியில இருந்த அம்மா எட்டிப் பார்த்துட்டு "இதுலயும் தண்ணிக்குனு ரெண்டு கிலோ கழிப்பாங்களா?"ன்னு ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க. தோட்டத்துல கொழுந்து நிறுக்கிறப்ப ஈரத்துக்குனு கிலோ கழிப்பாங்க, நிறுத்தவங்களுக்கு அந்த வெசனம் வெளங்கும். பொறகு புள்ளைகளுக்கு கத சொல்ற மாதிரி ஈரக் கொழுந்து ஏன் பாரம், காஞ்சா என்னாகும், நாலஞ்சு கிலோ பச்சக் கொழுந்துக்குத்தான் ஒரு கிலோ தூள் வரும்னு சொன்னாங்க. மகன் "அப்ப அம்மாயி, 20 கிலோ எடுத்தா நாலு இல்லாட்டி அஞ்சு கிலோதானா"னு அவனாவே வகுத்துட்டான், தாள்ல இருந்த வகுத்தல் கணக்குக்கு மட்டும் அன்னக்கி பூரா வாய தொறக்கல.

பயற காலையில பஞ்சுல போட்டா "மாலையில் முளை தெரியும்"னு எழுதியிருக்கு. ஐயா, இந்த குளிருக்கா? மூனாம் நாள்தான் மொளச்சுது, அதுவும் கப்ப அடுப்புக்கு பக்கத்துல மாத்தி வச்ச பொறகு. மகள் அன்னக்கி பின்னேரம் பத்து தடவ பார்த்துட்டு பயறு செத்துப்போச்சுனு அழுதது தனி. நெழல் பார்க்கிற வேலையும் அப்புடித்தான், குச்சிய நட்டு மணிக்கொருக்கா நெழல கோடு போடணுமாம், வெயிலே இல்லாம எங்க போடுறது. மழை நாள்ல என்ன செய்யிறதுனு ஒரு வரி போட்டிருக்கலாம். ஒரு கியூஆர் கோட் இருக்கு, வீடியோ பார்க்கச் சொல்லி. எங்க வீட்டுல சிக்னல் வேணும்னா போன தூக்கிக்கிட்டு ரோட்டு வளைவுக்கு போகணும், அந்த மழையில யாரு போறது.

இப்ப மழை போத்தலுக்கு வாறேன். இது ஒன்னுக்காகத்தான் இவ்வளவு எழுதுறேன். பிளாஸ்டிக் போத்தல மேல வெட்டி, வெட்டின வாய தலகீழா கவுத்து புனல் மாதிரி வச்சி, பக்கத்துல அளவு தாள ஒட்டி வெளிய வைக்கணும். தாள் மெழுகு பூசினது, அவ்வளவு மழையிலயும் கரையல. ஒரு விசயம் மட்டும் அவங்க சொல்லல: போத்தலோட அடி மேடு பள்ளமா இருக்கும், அதனால நேரான பகுதி தொடங்குற எடம் வரைக்கும் மொதல்ல தண்ணி ஊத்தி அங்க சைபர வைக்கணும், இல்லாட்டி கணக்கு பிழைக்கும். அப்புறம் நேரான போத்தலா பாருங்க, இடுப்பு ஒடுங்கினது சரிவராது. 9 மணிக்கு வாசல்ல வச்சோம், 4 மணிக்கு 31 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்னா ஒரு சதுர மீட்டர் எடத்துல ஒரு லீட்டர் தண்ணினு சொன்னதும் மகன் டேப்ப எடுத்துக்கிட்டு வாசல அளக்கப் போயிட்டான். அந்த டேப் நல்லது, இன்னும் இருக்கு.

நமக்கு இது வெளையாட்டு சாமான் மட்டும் இல்ல. மண்சரிவுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வச்சிருக்கிற கணக்கே மழை அளவுதான், 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா கவனம், 100 தாண்டினா ஆயத்தமா இருக்கணும், 150 தாண்டினா எடத்த விட்டு வெளியேறணும். ரேடியோவுல மில்லிமீட்டர்னு சொல்லும்போது எனக்கே அது எவ்வளவு தண்ணினு இதுக்கு முன்ன தெரியாது. இப்ப போத்தல்ல 75லயும் 100லயும் 150லயும் செவப்பு மார்க்கரால கோடு போட்டு வச்சிருக்கோம், பேக்குல இது இல்ல, அம்மா சொல்லித்தான் போட்டது. சரிவுக்கு கீழ லயம் இருக்கிறவங்க வீட்டுல புள்ளைய வச்சி இத ஒன்ன செய்ய வைங்க, பேக் வாங்கணும்னே இல்ல, அடிமட்டம் ஒன்னு இருந்தா போதும்.

நெழல் வேலைய செப்டம்பர் மொத வாரம் ஒரு சனிக்கெழம வெயில் வந்தப்ப செஞ்சோம். ஆகஸ்ட் 28ல இருந்து செப்டம்பர் 7 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேரா உச்சம் குடுக்கிற நேரம், 12 மணி கழிஞ்சு பத்து நிமிசம் போல குச்சிக்கு நெழலே இல்ல. மகள் குச்சிய சுத்தி சுத்தி தேடினா. தாள்ல "நண்பகலில் நிழல் குட்டையாக இருக்கும்"னு மட்டுந்தான் இருக்கு, இப்புடி காணாம போகும்னு எழுதியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். ஏப்ரல்லயும் 5ல இருந்து 15 வரைக்கும் இதே மாதிரி வரும், வருசப் பொறப்பு லீவுல செஞ்சு பாருங்க.

"பெற்றோர் உதவி தேவையில்லை"ங்கிறது சுத்தப் பொய். எல்லா விளக்கமும் புத்தகத் தமிழ்ல, "பின்வரும் செயற்பாட்டினை மேற்கொள்க"னு, தரம் 1 புள்ள இத எப்புடி தனியா வாசிக்கும்? நான் நாள் பூரா பக்கத்துலயே நின்னேன், ஒரு பிளவுஸ் தச்சிருந்தா கூட காசு வந்திருக்கும். 1,850க்கு ஏத்த சாமானானு கேட்டா, 800 ரூவான்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கச் சொல்வேன்.

போன கெழம அதே கடைக்கு கொப்பி வாங்கப் போனேன். "பாகம் 2 வந்திருக்கு மிஸ், நல்லா போகுது"ன்னு கடைக்காரரு எடுத்து நீட்டினாரு. பிரிச்சு வெளையாட்டு காசு இருக்கிற பக்கத்த பார்த்தேன், அதே கண்ணாடி தாத்தா. கொப்பிக்கு மட்டும் காச குடுத்துட்டு வந்துட்டேன்.